ரிக்கார்டர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

"ஸார், வீட்டுக்கு ஒரு ரிக்கார்டர் பாக்ஸ் வாங்கலாம்னு பார்க்கறேன். டி.வி.யில வர்றதை அப்படியே பதிவு பண்ணி வெச்சுக்கிட்டு அப்புறமா பார்க்கறது... உங்க வீட்ல இருந்துச்சே, எப்படி? எது வாங்கலாம்?"

மாடி வீட்டு இளைஞர் போன ஞாயிற்றுக்கிழமை படியிறங்கி வந்து இப்படிக் கேட்டார். கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால், ராத்திரி ஒன்பதுக்குத்தான் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். கல்யாணமாகி ஆறு மாதம். வீட்டில் மூன்று கட்சிகள். அம்மா கட்சிக்கு சீரியல். மனைவி கட்சிக்குப் பாட்டுப் போட்டி. இவர் கட்சிக்கு கிரிக்கெட். டி.வி.யோ ஒன்று. கூட்டணி ஆட்சி எத்தனை நாளைக்கு ஓடும்? அதனால்தான் இந்த ரிக்கார்டர் யோசனை.

"எத்தனை ஜி.பி. வாங்கலாம்? எவ்வளவு ஆகும்?" என்று அடுத்த கேள்வியையும் போட்டார்.

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். 2012-ல் நானும் இதைத்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அதற்கு நான் கொடுத்த விலை பில்லில் வரவில்லை. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வியாபாரத்தைப் பார்த்துவிடலாம்.

மந்திரியை நிறுத்திய அப்பா

முதல் வேலை, முதல் போனஸ். கையில் காசு வந்தால் சும்மா இருக்க முடியுமா? டி.டி.ஹெச். கம்பெனிக்கு போன் போட்டு, பதிவு செய்கிற பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். ஆள் வந்தார். மாடியில் இருந்த டிஷ்ஷிலிருந்து ஒரு வயருக்குப் பதில் இரண்டு வயர் இறக்கினார். ரிமோட்டை என்னிடம் கொடுத்து, "இது பாஸ், இது ரிக்கார்டு. அவ்வளவுதான் ஸார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாஸ் பட்டனை முதலில் கண்டுபிடித்தது அப்பாதான். செய்தியில் ஒரு மந்திரி பேசிக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து அம்மா, "தோசை ஆறுது" என்று குரல் கொடுத்தாள். அப்பா பட்டனை அழுத்தினார். மந்திரி வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றார். அப்பா நிதானமாக நாலு தோசை சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி அழுத்தினார். மந்திரி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

"முப்பத்துநாலு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தேன். ஒரு மந்திரியை நிறுத்தி வெச்சது இன்னிக்குத்தான்!" என்றார் அப்பா.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நீங்கள் பாஸ் போட்டாலும் போடாவிட்டாலும், வருகிற நிகழ்ச்சியை பாக்ஸ் தன் டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கிறது. பாஸ் போட்டால் காட்டுவது மட்டும்தான் நிற்கும், எழுதுவது நிற்காது. தோசை தின்று முடிக்கிறவரை வந்ததெல்லாம் டிஸ்க்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

பழைய வி.சி.ஆருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. காஸெட்டில் பதிவு செய்தால் படம் ஒரு படி மங்கும். அதிலிருந்து இன்னொரு காஸெட்டுக்கு எடுத்தால் இன்னும் ஒரு படி மங்கும். டிஜிட்டல் ஒளிபரப்போ வரும்போதே எண்களாக வருகிறது. பாக்ஸ் அந்த எண்களை மாற்றாமல் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. அதனால் நேரடியாகப் பார்ப்பதும் பத்து நாள் கழித்துப் பார்ப்பதும் ஒரே தரம்தான்.

கொஞ்சம் சரித்திரம்

ஸோனியின் பீட்டாமேக்ஸ் வந்தது 1975-ல். மறு வருஷமே ஜே.வி.சி.யின் வி.ஹெச்.எஸ். வந்தது. 'எங்கள் படத்தை ஜனங்கள் வீட்டிலேயே பதிவு செய்கிறார்கள், இது திருட்டு!' என்று யுனிவர்ஸலும் டிஸ்னியும் ஸோனி மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டன. சுப்ரீம் கோர்ட் வரை போன அந்த வழக்கில் 1984-ல் தீர்ப்பு வந்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது தப்பில்லை என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள், நான்கு பேர் மறுத்தார்கள். ஒரே ஒரு நீதிபதி மனசு மாறியிருந்தால் ரிக்கார்டு பட்டனின் கதியே வேறாகியிருக்கும்!

டேப்பை ஒதுக்கிவிட்டு ஹார்டு டிஸ்க்கில் பதிவு செய்கிற டிவோ, ரீப்ளே டி.வி. பாக்ஸ்கள் 1999-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. நம் ஊரில் 2008-ல் டாடா ஸ்கை நிறுவனம் 'டாடா ஸ்கை பிளஸ்' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. (2022 முதல் அந்த நிறுவனத்தின் பெயர் டாடா ப்ளே.) பிறகு மற்ற டி.டி.ஹெச். கம்பெனிகளும் பதிவு வசதியோடு பாக்ஸ்கள் விட்டன.

சரித்திரம் போதும். மாடி வீட்டுக்காரரிடம் நான் சொன்ன ஏழு கேள்விகள் இதோ. கடைக்காரரிடமோ கம்பெனி ஆளிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி 1: நம் வீட்டுக்கு டி.வி. எந்த வழியாக வருகிறது?

டிஷ்ஷா, கேபிளா, மாடி ஆன்டெனாவா, பிராட்பேண்டா? இதைப் பார்க்காமல், 'எந்த டி.வி.யையும் ரிக்கார்டு செய்யும்' என்ற விளம்பரத்தை நம்பி எதையாவது வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. காசு கட்டிப் பார்க்கிற சேனல் எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் வருகிறது. அதைத் திறக்கிற சாவி கம்பெனி பாக்ஸில் மட்டும்தான் இருக்கிறது. அந்த பாக்ஸுக்கும் டி.வி.க்கும் நடுவில் ஒரு ரிக்கார்டரைச் செருகிவிடலாமே என்றால், ஹெச்.டி.எம்.ஐ. வயரிலேயே காப்பிப் பாதுகாப்பு உட்கார்ந்திருக்கிறது. திரை கறுப்பாகிவிடும்.

"என் டி.வி.யிலேயே ரிக்கார்டு பட்டன் இருக்கே" என்பீர்கள். இருக்கும். சாதாரணமாக அது டி.வி.க்குள் இருக்கிற ட்யூனர் வழியாக வருவதை மட்டுமே யு.எஸ்.பி.யில் எழுதும். வெளி பாக்ஸிலிருந்து வருவதைத் தொடாது. ஆகவே நீங்கள் சந்தா கட்டுகிற கம்பெனியையே கேட்பதுதான் வழி. இன்று அவர்கள் ஆசையாக விற்பது இன்டர்நெட் வசதியுள்ள ஆண்ட்ராய்டு பாக்ஸ். 'புது மாடல், எல்லாம் இருக்கும்' என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். பதிவு செய்யுமா, செய்யாதா என்று தனியாகக் கேளுங்கள்.

கேள்வி 2: ஒரே சமயத்தில் எத்தனை சேனல்?

கூட்டணி ஆட்சியின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. பாக்ஸுக்குள் ஒரு ட்யூனர்தான் என்றால், சீரியல் பதிவாகும்போது நீங்களும் சீரியலைத்தான் பார்த்தாக வேண்டும். ரிக்கார்டர் வாங்கியும் சண்டை ஓயாது. இரண்டு ட்யூனர் இருந்தால் ஒன்றைப் பதிவு செய்துகொண்டே வேறொன்றைப் பார்க்கலாம்.

இரண்டு ட்யூனர் என்றால் பெரும்பாலும் டிஷ்ஷிலிருந்து இரண்டு வயர் வர வேண்டும். ஏன்? டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற எல்.என்.பி. என்ற மூக்கு, ஒரு வயர் வழியாக ஒரு சமயத்தில் சேனல்களில் ஒரு தொகுதியை மட்டும்தான் அனுப்பும். இரண்டாவது ட்யூனருக்கு வேறு தொகுதி வேண்டுமென்றால் தனி வயர் தேவை. பழைய ஒரே வயரை மாட்டிவிட்டு, "ஓடுது பாருங்க" என்று சொல்லிப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சேனலைப் பதிவில் போட்டு, இன்னொன்றைத் திருப்பிப் பாருங்கள். பிறகு காபி கொடுங்கள்.

கேள்வி 3: எத்தனை ஜி.பி.?

பி.காம். படித்தவனுக்குக் கணக்கு சுலபம். ஹெச்.டி. சேனல் ஒன்று விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பிட் ஒரு பைட். ஆக, விநாடிக்கு 1 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி. அதாவது 3.6 ஜி.பி. 500 ஜி.பி. டிஸ்க்கில் ஏறக்குறைய 138 மணி நேரம் பிடிக்கும். சாதாரணச் சேனல் விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் இதுபோல நான்கு மடங்கு. சேனலுக்குச் சேனல் வேகம் மாறும். ஆனாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

இன்னொரு கணக்கையும் போடுங்கள். 138 மணி நேரத்தை, தினம் ஒரு மணி நேரம் பார்த்தால் தீர்க்க நாலரை மாதம் ஆகும். அதற்குள் டிஸ்க் மறுபடி நிரம்பிவிடும். என் பாக்ஸில் ஒரு சமயம் 63 நிகழ்ச்சிகள் பார்க்கப்படாமல் கிடந்தன. வரவு மட்டும் ஏறிக்கொண்டே போனது, பற்று எழுத ஆளில்லை! நேரம் இல்லாதவர்களுக்கென்று கண்டுபிடித்த சாதனம் இது. ஆனால் அது இடத்தைத்தான் கொடுக்கும். நேரத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அதனால் பெரிய டிஸ்க்குக்காக மேலே காசைக் கொட்டாதீர்கள்.

கேள்வி 4: டிஸ்க் உள்ளேயா, வெளியேயா?

சில பாக்ஸ்களில் டிஸ்க் உள்ளேயே இருக்கும். சிலவற்றில் பின்னால் இருக்கிற யு.எஸ்.பி. ஓட்டையில் நாமே டிஸ்க்கைச் செருக வேண்டும். வெளி டிஸ்க் செலவு குறைவு, கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முதல் தடவை செருகும்போது, 'ஃபார்மேட் செய்யவா?' என்று திரையில் ஒரு கேள்வி வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் வேகமாக 'ஓகே' அழுத்தினார். அந்த டிஸ்க்கில் அவர் மைத்துனர் கல்யாண போட்டோ அத்தனையும் இருந்தது. மாமனார் வீட்டுக்கு அவர் ஆறு மாதம் போகவில்லை.

காலி டிஸ்க்கைச் செருகுங்கள். மேஜை டிராயரில் கிடக்கிற பழைய பென் டிரைவ் வேண்டாம். அதன் எழுதும் வேகம் போதாமல் படம் விட்டு விட்டு வரும். டிஸ்க் உள்ளே இருக்கிற மாடலாக இருந்தால் காற்றோட்டம் வேண்டும். மேலே துணி விரித்து, அதற்கு மேல் பொம்மை வைக்கிற அலங்காரம் எல்லாம் கூடாது. அந்த டிஸ்க் நாள் முழுக்கச் சுற்றுகிறது. அதன் முதல் எதிரி சூடு.

கேள்வி 5: நிகழ்ச்சி நீண்டுபோனால்?

2016 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. இருபது ஓவர் உலகக் கோப்பை ஃபைனல். கொல்கத்தாவில் இங்கிலாந்தும் வெஸ்ட் இண்டீஸும். அன்று பார்த்து எனக்கு ஒரு கல்யாண ரிசப்ஷன். பதிவு போட்டுவிட்டுப் போனேன். ரிசல்ட் காதில் விழக்கூடாது என்று போனை அணைத்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "மேட்ச் என்னாச்சு தெரி..." என்று ஆரம்பித்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்தேன். பாயசம் போச்சு.

வீட்டுக்கு வந்து, விளக்கை அணைத்துவிட்டு முதல் பந்திலிருந்து பார்த்தேன். கடைசி ஓவர். ஜெயிக்க 19 ரன் வேண்டும். ஸ்டோக்ஸ் பந்தைக் கையில் எடுக்கிறார். திரையில் எழுத்து வருகிறது: 'பதிவு முடிந்தது'!

அட்டவணையில் போட்டிருந்த நேரம் முடிந்துவிட்டது. பாக்ஸுக்கு கிரிக்கெட் தெரியுமா? பிராத்வெயிட் வரிசையாக நாலு சிக்ஸர் அடித்து ஜெயித்ததை நான் மறுநாள் பேப்பரில் படித்தேன்.

ஆகவே, குறித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் பதிவை நீட்டுகிற வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சீரியலுக்குப் பத்து நிமிஷம் போதும். கிரிக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். ஒரு முறை சொன்னால் தினமும் தானாகப் பதிவு செய்கிற வசதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அம்மாவின் சீரியலுக்கு நீங்கள் தினசரி குமாஸ்தா வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி 6: சுவிட்சை யார் அணைப்பார்?

இது கடைக்காரரைக் கேட்கிற கேள்வி இல்லை, உங்கள் வீட்டைக் கேட்க வேண்டியது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. படுக்கப் போகுமுன் வீட்டைச் சுற்றி வந்து எல்லா சுவிட்சையும் சுவரிலேயே அணைப்பார். ஈ.பி. பில்லின் ஜென்ம விரோதி! நான் ராத்திரி 12 மணி மேட்சுக்குப் பதிவு போட்டு வைப்பேன். அப்பா 10 மணிக்கு பாக்ஸையே தூங்க வைத்துவிடுவார். கடைசியில் அந்த சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

ரிமோட்டில் அணைத்தால் பரவாயில்லை, குறித்த நேரத்துக்கு பாக்ஸ் தானாக விழித்துக்கொள்ளும். சுவரில் அணைத்தால் எழாது. கரன்ட் போனாலும் இதே கதைதான். இன்வெர்ட்டர் லைனில் பாக்ஸுக்கு ஒரு பிளக் கொடுங்கள். டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் மழை. சாட்டிலைட் அலை கனமழையில் பலமிழந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பதிவைத் திறந்து பார்த்தால் 'சிக்னல் இல்லை' என்ற வாசகம் மட்டும் நல்ல தரத்தில் பதிவாகியிருக்கும்!

கேள்வி 7: பதிவு செய்தது யாருக்குச் சொந்தம்?

நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

2014 தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால், டி.வி.க்காக ஒரு கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம் நடந்தது. அப்பா நண்பரோடு போய் நாலாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து ஒரே பேச்சு. "கேமரா மூணு தடவை என் பக்கம் திரும்பிச்சு." அம்மா நம்பவில்லை. "உங்க பின்னாடி யாராவது அழகா உட்கார்ந்திருப்பாங்க" என்றாள்.

தீபாவளி காலையில் ஒளிபரப்பு. எண்ணெய்க் குளியல் முடித்து, புது வேட்டியோடு அப்பா டி.வி. முன்னால் உட்கார்ந்தார். அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். நான் பதிவு போட்டேன். மூன்று தடவை வந்தார். மொத்தம் 11 விநாடி. பிறகு பல முறை எண்ணியிருக்கிறேன். மூன்றாவது தடவை, பேச்சாளர் ஏதோ சொல்ல, அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கணக்குப் புத்தகம் மாதிரி இருந்த மனுஷர் அவர். வீட்டில் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

அந்தப் பதிவை அழிக்க முடியாதபடி பூட்டு போட்டு வைத்தேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினோம். அப்பா மட்டும், "போதும்டா, எத்தனை தடவை..." என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்.

2017-ல் அப்பா காலமானார்.

அதற்குப் பிறகு அந்தப் பதிவை நாங்கள் யாரும் ஒருவர் முன்னால் ஒருவர் போடவில்லை. ஆனால் சில நாள் ஆபீஸிலிருந்து வந்து டி.வி.யைப் போடும்போது, கடைசியாகப் பார்த்தது எது என்று பாக்ஸ் காட்டும். அது பட்டிமன்றமாக இருக்கும். மத்தியானத்தில் வீட்டில் இருப்பது அம்மா மட்டும்தான்.

2019-ல் ஒரு நாள் பாக்ஸ் கிளம்பவில்லை. கம்பெனியின் சின்னம் வந்ததோடு நின்றுவிட்டது. போன் செய்தேன். மறுநாள் காலையில் ஒரு பையன் புது பாக்ஸோடு வந்தான். இருபது நிமிஷத்தில் மாட்டி முடித்துவிட்டான். குறை சொல்ல முடியாத சுறுசுறுப்பு.

"பழைய பாக்ஸைக் கொடுங்க ஸார், ரிட்டர்ன் போடணும்."

"உள்ள ரிக்கார்டிங் இருக்கேப்பா?"

"அது வராது ஸார்."

"டிஸ்க்கைக் கழட்டி கம்ப்யூட்டர்ல போட்டா?"

"போட்டாலும் ஓடாது ஸார். ஒவ்வொரு பாக்ஸும் தனக்குன்னு ஒரு பூட்டு போட்டுத்தான் எழுதும். சாவியும் அதே பாக்ஸுக்குள்ளதான். பாக்ஸ் போச்சுன்னா சாவியும் போச்சு. ஏன் ஸார், முக்கியமான சீரியலா?"

அவன் மேல் தப்பில்லை. 2012-ல் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எல்லாம் இருந்திருக்கும். அடுக்களையிலிருந்து அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"சரியாயிடுச்சாடா?"

"ஆயிடுச்சும்மா."

"அப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா புது பாக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பட்டிமன்றத்தை இன்டர்நெட்டில் தேடினேன். மேடைப் பேச்சு மட்டும் துண்டு துண்டாகக் கிடைத்தது. எங்களுக்கு வேண்டியது பேச்சாளர்கள் இல்லையே! இத்தனைக்கும் எங்கள் பரணில் 1993-ல் நடந்த மாமா கல்யாண வீடியோ காஸெட் இன்னும் இருக்கிறது. பூஞ்சைக் கோடு விழுந்திருக்கிறது, நிறம் வெளுத்திருக்கிறது. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு வி.சி.ஆர். தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனாலும் ஒரு பழைய ஸ்டூடியோவில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றிவிட முடிந்தது. அதில் அப்பா மீசையோடு ரசம் பரிமாறுகிறார். மங்கலான காஸெட் எங்களுடையதாக இருந்தது. பளிங்கு மாதிரி இருந்த டிஜிட்டல் பதிவோ எங்கள் வீட்டில் குடக்கூலிக்குத்தான் இருந்திருக்கிறது.

ஆகவே, வாங்குமுன் கேளுங்கள். பதிவை வேறு பாக்ஸிலோ கம்ப்யூட்டரிலோ பார்க்க முடியுமா? வெளி டிஸ்க்கிலும் பெரும்பாலான டி.டி.ஹெச். பாக்ஸ்கள் இதே பூட்டைத்தான் போடுகின்றன. சந்தா கட்டாமல் நிறுத்தினால் பழைய பதிவுகள் திறக்குமா? பாக்ஸ் கெட்டுப்போனால் பதிவின் கதி என்ன? பாக்ஸ் உங்களுடையதா, கம்பெனியுடையதா? பதில் 'இல்லை, இல்லை, தெரியாது ஸார்' என்று வந்தால்கூட வாங்குங்கள், தப்பில்லை. இது சேமிப்புக் கணக்கு இல்லை, இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அழிக்கிற இடம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

யாருக்கு எது?

சீரியலும் பாட்டுப் போட்டியும் மட்டும்தான் என்றால் ரிக்கார்டரே வேண்டியதில்லை. சேனல்களின் ஆப்களில் நேற்றைய எபிசோட் இன்றும் கிடைக்கிறது. பிராட்பேண்டு இருந்தால் அதுவே போதும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அங்கே இருப்பதும் நிரந்தரமில்லை. உரிமை முடிந்தால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

பிராட்பேண்டு சரியில்லாத வீடு, வீட்டில் பெரியவர்கள், ஆப், பாஸ்வேர்டு என்றாலே பயப்படுகிறவர்கள்... இங்கேதான் ரிக்கார்டர் பாக்ஸுக்கு இன்னும் மவுசு. ரிமோட்டில் ஒரே ஒரு பட்டன். அப்பாவே கண்டுபிடித்தாரே!

மாடி வீட்டுக்காரருக்கு நான் சொன்னது: அவருடைய கம்பெனியில் இரண்டு ட்யூனர் மாடல் இருந்தால் வாங்கலாம். இரண்டு வயர், இன்வெர்ட்டர் பிளக், 500 ஜி.பி. போதும். அது கிடைக்காவிட்டால் கிரிக்கெட்டை போனில் பார்த்துவிட்டு, டி.வி.யை அம்மாவுக்கும் மனைவிக்கும் விட்டுக்கொடுப்பது லாபம். செலவும் இல்லை, நல்ல பெயரும் கிடைக்கும்.

"உங்க அப்பா ரிக்கார்டிங் அப்புறம் கிடைக்கவே இல்லையா ஸார்?" என்றார், எழுந்துகொள்ளும்போது.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். மாமாவின் பழைய போனிலிருந்து கழற்றிய மெமரி கார்டு ஒன்றைக் கொடுத்து, "இதுல ஏதாவது இருக்கா பாரு, இல்லேன்னா தூக்கிப் போடணும்" என்றாள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். குழந்தைகளின் போட்டோ நிறைய. நடுவில் ஒரு வீடியோ. 19 விநாடி. 2014 தீபாவளி காலையில், எங்கள் வீட்டு சோபாவிலிருந்து அக்கா எடுத்தது. ஊரில் இருந்த மாமியாருக்குக் காட்டுவதற்காக டி.வி.க்கு நேராக போனைப் பிடித்திருக்கிறாள்.

கோணல் மாணலான படம். திரையில் ட்யூப்லைட் வெளிச்சம் அடிக்கிறது. அதற்குள் அப்பா சிரிக்கிறார், துண்டால் கண்ணைத் துடைக்கிறார். திரைக்கு வெளியே, பக்கத்து நாற்காலியிலிருந்து இன்னொரு குரல், பட்டிமன்றத்தை மீறிக் கேட்கிறது:

"ஏய், தள்ளு, மறைக்காதே! நான்தான்... நான்தான் அது!"

500 ஜி.பி. டிஸ்க்கில் இந்தக் குரல் பதிவாகியிருக்கவே இல்லை.

இப்போது அது என் போனில் இருக்கிறது. அக்கா போனில், இரண்டு பென் டிரைவில், ஒரு வெளி டிஸ்க்கில் இருக்கிறது. எந்தப் பூட்டும் கிடையாது. அம்மா போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். முடிந்ததும் மறுபடி போட அம்மாவுக்குத் தெரியாது. அதனால் ஓடி முடிந்தால் தானாகவே முதலிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி செட் பண்ணி வைத்திருக்கிறேன்.